தொப்பிக் குருவியின் ஓட்டு

ப்ரின்கோட் மேட்டில் நின்றுகொண்டு "ரீஸ்" என்று ஒரு குரல் கொடுத்தால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். மீதிப் பாதி ரீஸ் வீட்டில் பெண் எடுத்ததாக இருக்கும். வேல்ஸ் நாட்டில் மற்ற இடங்களிலாவது ஜோன்ஸ், டேவிஸ், இவான்ஸ் என்று கொஞ்சம் கலந்து கட்டியிருப்பார்கள். அபெர்கார்த் நகரத்தின் மேற்கு ஓரத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கும் எங்கள் மேட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் ஆளுக்கொரு ஒட்டுப்பெயர் வைத்தே தீர வேண்டியிருந்தது. மீனும் உருளைக்கிழங்கும் வறுத்து விற்கிறவர் சிப்ஸ் ரீஸ். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்று ஒரே பதிலைச் சொல்லி இருபது வருஷமாக நகர மன்றத்தில் உட்கார்ந்திருந்தவன் பார்க்கலாம் கெர்வின். பள்ளிக்கூட முக்கில் வட்டப் பலகை மாட்டிய நீளக் கோலோடு நின்று வண்டிகளை மறித்து, பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கிறவள் லாலிபாப் க்வெண்டா. அந்தக் கோல் குச்சிமிட்டாய் போல இருப்பதால் அந்த வேலைக்கே நாடு முழுக்க அப்படித்தான் பெயர்.

அவள் புருஷன் எல்வெட் முப்பது வருஷம் ஊர்க் குழாயெல்லாம் ரிப்பேர் செய்தவன். அவனைக் குழாய் எல்வெட் என்று கூப்பிட்டிருக்கலாம், நியாயம் அதுதான். ஆனால் மேட்டில் அவனும் லாலிபாப் எல்வெட்தான். அவர்கள் நாய்கூட லாலிபாப் நாய். இதைப் பற்றி அவன் சிப்ஸ் கடை வாசலில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது புலம்புவான். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

க்வெண்டா ஆள் குள்ளம், குரல் மட்டும் எட்டடி. மஞ்சள் கோட்டும் முன்விளிம்பு நீண்ட தொப்பியும் மாட்டிக்கொண்டு கோலை நட்டுவிட்டாள் என்றால் லாரியாவது, போலீஸ் வண்டியாவது, எல்லாருக்கும் ஒரே சட்டம். ஒருமுறை சவ ஊர்வலத்தையே நிறுத்தினாள். கடைசியாகக் கடந்த பையன் சாப்பாட்டு டப்பாவை எதிர்ப்பக்கமே வைத்துவிட்டு வந்துவிட்டான். அதை எடுக்க அவன் திரும்பிப் போய், எடுத்து, மூடியைச் சரி பார்த்து, மறுபடி கடக்கிற வரைக்கும் கறுப்புக் கார்கள் வரிசையாகக் காத்திருந்தன. பெட்டிக்குள் இருந்தது அவளுடைய சொந்த மாமா. அவருக்கு உயிரோடு இருந்தபோதும் அவசரம் கிடையாது என்று சொல்லிவிட்டு, வண்டி நகர்ந்ததும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டு அழுதாள்.

இப்படிப்பட்டவளின் வயிற்றில் அடித்தது நகர மன்றம். செலவைக் குறைக்க வேண்டுமாம். எந்தெந்த முக்கில் கோல்காரர் தேவை என்று கணக்கெடுக்க ஒரு ஆளை அனுப்பினார்கள். அந்தப் புண்ணியவான் எங்கள் மேட்டுக்கு வந்தது பள்ளி விடுமுறை வாரத்தில். காருக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றபடி நாள் முழுக்க எண்ணியதில் அவனுக்குக் கிடைத்தது ஒரு பிள்ளையும் லாலிபாப் நாயும்தான். ப்ரின்கோட் முக்குக்குக் கோல்காரர் தேவையில்லை, கோடையோடு நிறுத்திவிடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

அந்தச் சாலை எப்படிப்பட்டது என்று மேட்டில் எல்லாருக்கும் தெரியும். மேலிருந்து இறங்குகிற வண்டிக்கு வளைவு திரும்பும் வரைக்கும் பள்ளிக்கூடம் கண்ணில் படாது. மழை நாளில் பிரேக்கும் பிடிக்காது. எங்கள் ஊரில் மழையில்லாத நாளை விரல் விட்டு எண்ணிவிடலாம். க்வெண்டா நேராகக் கெர்வினிடம் போனாள். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். சிப்ஸ் கடை வரிசையில் அவனைப் பிடித்து, இதை நிறுத்துவாயா மாட்டாயா என்று கேட்டாள்.

"பார்க்கலாம்," என்றான் கெர்வின்.

அடுத்த வாரம் மன்றக் கூட்டத்தில், எடுத்துவிடலாம் என்பவர்களோடு சேர்ந்து அவனும் கை தூக்கினான். கட்சி சொன்னது, தூக்கினேன் என்று பிறகு சொன்னான். க்வெண்டா அன்று ராத்திரி பாத்திரம் கழுவிய சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டது. கடைசித் தட்டைத் துடைத்து வைத்துவிட்டு, மே மாதத் தேர்தலில் தான் நிற்கப்போவதாக எல்வெட்டிடம் சொன்னாள். அவன் நாயைப் பார்த்தான். நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

வேட்புமனு கொடுக்கப் போன இடத்தில்தான் முதல் குண்டு விழுந்தது. அங்கிருந்த பெண் தன்மையாகத்தான் சொன்னாள். மன்றத்தில் சம்பளம் வாங்குகிறவர் தேர்தலில் நிற்கலாம், தடையில்லை. ஆனால் ஜெயித்துவிட்டால் வேலையை விட்டுவிட வேண்டும். வீடு வரும் வரைக்கும் எல்வெட் இதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். தோற்றாலும் கோல் போகிறது, ஜெயித்தாலும் கோல் போகிறது, பிறகு எதற்கு இந்த வம்பு என்று கேட்டான்.

"தோத்தா ரோட்டை விட்டே போயிடும். ஜெயிச்சா என் கையை விட்டு மட்டும்தான் போகும்," என்றாள் க்வெண்டா. "ரெண்டும் ஒண்ணா?"

சொல்லிவிட்டு மஞ்சள் கோட்டை எடுத்து, இல்லாத தூசியைத் தட்டினாள். அந்த வேலையை அவள் அவ்வளவு நேசித்தாள்.

இரண்டாவது குண்டை அவளே வைத்துக்கொண்டாள். ஊரில் வழங்குகிற பெயரையே ஓட்டுச்சீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். ஆனால் க்வெண்டாவுக்கு ஞானஸ்நானத்தின்போது வைத்த பெயர் அங்ஹாரட் க்வென்லியன். எவ்வளவு அழகான பெயர்! விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்த பீங்கான் கோப்பை மாதிரி, அறுபது வயது நெருங்கியும் அதை ஒருநாள்கூட அவள் வெளியே எடுத்ததில்லை. நகர மன்றத்துக்குப் போகிற காரியம், இப்போது எடுக்காமல் எப்போது எடுப்பது என்று முழுப் பெயரையும் அழுத்தி எழுதினாள். அது சரி. ஆனால் எல்வெட் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸில் "உங்கள் ஓட்டு லாலிபாப் க்வெண்டாவுக்கே" என்றுதான் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை. வேறு எந்த ஊரிலும் இந்தத் தப்பு நடந்திருக்காது. எங்கள் மேட்டில் நடக்காமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

போதாக்குறைக்கு, எதிர்க்கட்சி ஒன்று பெயருக்கு ஒரு ஆளை நிறுத்தியிருந்தது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற அம்மாள். எங்கள் மேட்டில் கால் வைத்ததே கிடையாது. பெயர் க்வெண்டோலின் ரீஸ்.

தேர்தல் நாள் வியாழக்கிழமை. சர்ச் பக்கத்து அறையில்தான் வாக்குச்சாவடி. க்வெண்டா வழக்கம் போலக் காலையிலேயே முக்கில் நின்றாள். போகிறவர் வருகிறவரெல்லாம் கையசைத்தார்கள், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அவளிடம் சாலை கடந்து வளர்ந்து, எங்கள் நாட்டில் மன்றத் தேர்தலுக்குப் பதினாறு வயதே போதும் என்பதால் முதல் ஓட்டுப் போடப் போகிற பிள்ளைகள் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் வரைக்கும் அவள் காற்றில் மிதந்தாள். அப்போதுதான் சிப்ஸ் ரீஸ் ஏப்ரனோடு ஓடி வந்தார்.

"ஏம்மா க்வெண்டா, முழுப் பேரையும் போட்டிருக்கியே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நல்லவேளை, கண்டுபிடிச்சுப் போட்டுட்டேன்."

"அப்படியா? மேல முதல்ல இருக்கிற பேரு, அங்ஹாரட், அதுதானே?" என்றாள் க்வெண்டா.

சிப்ஸ் ரீஸின் முகத்தில் ரத்தம் வற்றியது. "அது யாரோன்னு நெனச்சேனே. க்வெண்டோலின்னு கீழ இருந்துச்சு. க்வெண்டாவோட முழுப் பேரு அதுதான்னு என் பொண்டாட்டி சொன்னா."

காலையிலிருந்து எத்தனை பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள் என்று க்வெண்டா நினைத்துப் பார்த்தாள். கோலைப் பிடித்தபடியே எல்வெட்டுக்குப் போன் போட்டாள். அவன் குழாய் வண்டியை எடுத்துக்கொண்டு மேடு முழுக்கச் சுற்றி, ஜன்னல் வழியாகக் கத்தினான்: மேலே இருக்கிற பெயர், அங்ஹாரட் என்பது நம் க்வெண்டாதான். மேட்டு ஜனம் லேசில் எதையும் நம்பாது. இவன் குடித்திருக்கிறானோ என்று சிலர் கேட்டார்கள். அங்ஹாரட் என்று யாரோ பெரிய இடத்துப் பெண் வந்திருக்கிறாள், நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று சிலர். சாயங்காலம் போனவர்கள் ஒரு யோசனை செய்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, அங்ஹாரட் பெயருக்கு நேரே வழக்கமான பெருக்கல் குறி போடாமல், கட்டத்துக்குள் ஒரு குச்சியும் குச்சி மேல் ஒரு வட்டமும் வரைந்துவிட்டு வந்தார்கள். யாருக்குப் போட்டோம் என்பதில் சந்தேகமே வரக்கூடாது அல்லவா?

மறுநாள் காலை விளையாட்டரங்கில் ஓட்டு எண்ணினார்கள். பேட்மிண்டன் கோடு போட்ட தரையில் நீள மேஜைகள். எங்கள் வார்டுக்குக் கடைசி மூலையில் ஒரு மேஜை. க்வெண்டா சர்ச்சுக்குப் போடுகிற நீலக் கோட்டைப் போட்டு வந்திருந்தாள். வீட்டில் சுட்ட திராட்சை ரொட்டியை டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. கெர்வின் கட்சி ஆபீஸ் ஏஜெண்டோடு வந்தான். ஏஜெண்ட் தலைநகரத்து ஆள், கோட் சூட், கையில் இரண்டு போன். க்வெண்டோலின் அம்மாளும் வந்திருந்தார். டீயும் பிஸ்கட்டும் இருக்கும் என்று சொன்னார்களாம், அதற்காக வந்தாராம்.

தன் பெயரில் விழுந்த ஓட்டுக் கட்டு உயர உயர அந்த அம்மாளின் முகம் வெளிறியது. டீக்கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு க்வெண்டாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அய்யோ, நான் ஜெயிச்சுட மாட்டேன்ல? அடுத்த வாரம் ஸ்பெயினுக்கு டிக்கெட் போட்டிருக்கேன்."

அவர் ஜெயிக்கவில்லை. கடவுள் புண்ணியத்தில் மூன்றாவதாகத்தான் வந்தார். ஆனால் அவருக்குப் போன ஓட்டெல்லாம் க்வெண்டாவுக்கு வர வேண்டிய ஓட்டு. நல்ல சீட்டுகளை எண்ணி முடித்தபோது கெர்வின் முன்னால் இருந்தான். மிச்சமிருந்தது சந்தேகச் சீட்டுகள் மட்டும். தேர்தல் அதிகாரி, வெள்ளை முடியும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக ஒரு அம்மா, வேட்பாளர்களைக் கூப்பிட்டு அவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

எல்லாம் லாலிபாப். நேராக ஒன்று, கோணலாக ஒன்று, வட்டத்துக்குள் "நில்" என்று எழுதி ஒன்று. ஏஜெண்ட் விடவில்லை. அது மரம் என்றான், பலூன் என்றான், வாணலி என்றான். அதிகாரி அசரவில்லை. கட்டத்துக்குள் இருக்கிறது, ஒரே பெயருக்கு நேரே இருக்கிறது, யாருக்குப் போட நினைத்தார்கள் என்று தெளிவாகத் தெரிகிறது என்று ஒவ்வொன்றையும் க்வெண்டாவின் பக்கம் வைத்தார். அந்தக் கட்டு வளர்ந்து கெர்வினின் கட்டோடு சமமாக வந்து நின்றது. கையில் ஒரே ஒரு சீட்டு பாக்கி.

அதில் லாலிபாப்தான் வரைந்திருந்தது. ஆனால் குச்சிக்கு அடியில் ஒற்றைக் காலில் ஒரு குருவி. குருவியின் தலையில் முன்விளிம்பு நீண்ட தொப்பி.

க்வெண்டா குனிந்து பார்த்தாள். அந்தக் குருவியை அவள் முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அட்டையின் மூலையிலும், சர்ச் விற்பனைத் தட்டியிலும், சிப்ஸ் ரீஸின் பிறந்தநாள் கேக்கின் மேல் சர்க்கரையிலும் அது ஒற்றைக் காலில் நிற்கும். அதை வரைகிற கை மேட்டில் ஒன்றே ஒன்றுதான். கெர்வினின் மனைவி டெலித்தின் கை.

க்வெண்டா கெர்வினைப் பார்த்தாள். அவன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் மெல்லச் சிவந்து, சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கியது.

ஏஜெண்டுக்கு வேறொன்று பளிச்சென்று பட்டது. குருவி யாருடையது என்பது இல்லை, சட்டம். ஓட்டுப் போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கிற அடையாளம் இருந்தால் சீட்டு செல்லாது, இந்தக் குருவி அப்படி ஒரு அடையாளமாக இருக்கலாம் என்றான். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"நியாயமான கேள்வி. இந்தப் படத்தைப் பார்த்து, போட்டது யாருன்னு இங்க யாருக்காவது தெரியுதா? தெரிஞ்சா நான் இதைத் தள்ளித்தான் ஆகணும்."

எல்வெட் வாயைத் திறந்தான். அவனுக்கு எதைப் பார்த்தாலும் பெயர் சொல்லாமல் இருக்க முடியாது. க்வெண்டா அவன் பாதத்தின் மேல் ஏறி நின்றாள், நீலக் கோட்டோடு, முழு எடையோடு. சொன்னால் அந்த ஓட்டு போச்சு. சொல்லாமல் நின்றால் அதுவும் உறுத்துகிறது. ஆனால் டெலித் திரைக்குப் பின்னால் ரகசியமாகப் போட்டதைச் சபையில் போட்டு உடைக்கத் தனக்கு என்ன உரிமை என்று மனசைக் கெட்டியாக்கிக்கொண்டாள். பேச வேண்டியவன் கெர்வின். ஒரு வார்த்தை போதும். சீட்டு தள்ளுபடியாகிச் சமமானால் குலுக்கல், நாற்காலி அவன் கையிலேயே தங்க வழி உண்டு. இருபது வருஷ நாற்காலி.

அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பார்க்கலாம் என்பான். அதிகாரி ஏஜெண்டின் பக்கம் சாய்வார்.

கெர்வின் தொண்டையைச் செருமினான். "குருவின்னா எல்லாம் ஒரே மாதிரிதாங்க இருக்கும்," என்றான். "ஆனா அது வாணலி இல்ல. லாலிபாப். அது அவளுக்குத்தான்."

ஏஜெண்டின் கையிலிருந்து ஒரு போன் விழுந்தது. அதிகாரி சீட்டை க்வெண்டாவின் பக்கம் வைத்தார். ஏஜெண்ட் கேட்டுக்கொண்டதால் மறுபடி எண்ணினார்கள். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம் அப்படியேதான் நின்றது. முடிவை அறிவிக்கும்போது வழக்கப்படி முதலில் எங்கள் வெல்ஷ் மொழியில் படித்தார்கள், பிறகு ஆங்கிலத்தில். அங்ஹாரட் க்வென்லியன் ரீஸ் என்று அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் அரங்கம் முழுக்கப் பரவியது. தன் பெயரை யாரோ கூப்பிடுகிறார்கள் என்பதே க்வெண்டாவுக்கு ஒரு கணம் உறைக்கவில்லை. எல்வெட்டுக்கு வெல்ஷ் அரைகுறை, ஆகவே ஆங்கிலத்தில் படித்த பிறகுதான் அழுதான். கால் வலியினாலும் இருக்கலாம்.

அன்று சாயங்காலமே அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். கோலைத் துடைத்துப் பள்ளிக்கூட அலமாரியில் சாத்தி வைத்துவிட்டு வெளியே வந்து, கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நன்றாக அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தாள். மன்றத்தின் முதல் கூட்டத்திலேயே எழுந்தாள். விடுமுறையில் எண்ணின லட்சணத்தைப் புட்டுப் புட்டு வைத்தாள். அந்த எட்டடிக் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. பள்ளி நடக்கிற நாளில் மறுபடி எண்ணச் சொன்னாள், எண்ணினார்கள், கோடை முடிவதற்குள் பழைய முடிவை ரத்து செய்தார்கள். ப்ரின்கோட் முக்குக்குக் கோல்காரர் உண்டு.

ஆள்தான் இல்லை. விளம்பரம் போட்டார்கள். நாளுக்கு இரண்டு வேளை மழையில் நிற்க யாரும் முன்வரவில்லை. அந்தக் கோடையில் மேட்டில் அவளுடைய பெயரும் மாறிப்போனது. கவுன்சில் க்வெண்டா என்றார்கள். எல்வெட் கவுன்சில் எல்வெட் ஆனான். குழாய் மட்டும் அவனுக்குக் கடைசி வரைக்கும் வாய்க்கவில்லை. அவளுக்கு அந்தப் புதுப்பெயர் ஒட்டவேயில்லை. யாராவது "லாலிபாப்" என்று வாய் தவறிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்பிப் பார்ப்பாள்.

பள்ளி திறந்த வாரம், கமிட்டிக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவள் மேட்டிலிருந்து வேகமாக இறங்கிக்கொண்டிருந்தாள். சாரல் அடித்தது. முக்கில் மஞ்சள் கோட்டு தெரிந்தது. கோட்டின் கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது. அவளுக்குத் தைத்த கோட்டு அது. உள்ளே இருந்தவன் கெர்வின்.

பிள்ளைகள் ஐந்தாறு பேர் ஓரத்தில் கூடி நின்றார்கள். போகலாமா, போகலாமா என்று ஒரு குட்டிப் பெண் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"பார்க்கலாம்," என்றான் கெர்வின். மேல் பக்கம் பார்த்தான். கீழ்ப் பக்கம் பார்த்தான். மறுபடி மேல் பக்கம் பார்த்தான். அதற்குப் பிறகுதான் இறங்கிக் கோலை நட்டான். பிள்ளைகள் கடந்தார்கள்.

க்வெண்டா அவன் பக்கத்தில் போய் நின்றாள். நான்கு மாதமாக நெஞ்சில் இருந்த கேள்வி வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"அந்தக் குருவி யாருதுன்னு உனக்குத் தெரியும்."

"உனக்கும்தான் தெரியும். எல்வெட் காலு இன்னும் நொண்டுது."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குலுக்கல்ல ஜெயிச்சிருக்கலாமேடா. ஏன் சொல்லல?"

கெர்வின் மேல் பக்கம் பார்த்தபடியே பதில் சொன்னான். "ஜெயிச்சுட்டு வீட்டுக்குத்தானே போகணும்? அவ எதுக்கு அப்படிப் போட்டான்னு அங்க நின்னப்பவே புரிஞ்சுபோச்சு. எங்க பேரப்பிள்ளைங்க இந்த ரோட்டைத்தான் தாண்டுதுங்க. கை தூக்குறப்ப எனக்கு அது ஞாபகம் வரல. அவளுக்கு வந்துச்சு."

க்வெண்டாவுக்குக் கண் கலங்கியது. மழை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. கோட்டின் கையை இறக்கித் தைக்க வேண்டும், டெலித்திடம் சொல் என்றாள். கூட்டத்துக்கு நேரமாகிறது, நான் கடக்கிறேன் என்று ஒரு காலைச் சாலையில் வைத்தாள்.

"ஏய், நில்லு," என்றான் கெர்வின்.

மேலிருந்து வந்த பாலும் ரொட்டியும் ஏற்றுகிற வேன் வளைவில் திரும்பியது. அவன் சாலை நடுவில் போய்க் கோலை ஓங்கி நட்டான். வேன் நின்றது. அதன் பின்னால் பஸ் நின்றது. இத்தனை வருஷத்தில் அந்தச் சாலையை ஊரில் எல்லாருக்காகவும் அவள் நிறுத்தியிருக்கிறாள். அவளுக்காக யாரும் நிறுத்தியதில்லை. பஸ் டிரைவர் ஜன்னலைத் திறந்து, யாருக்காக இவ்வளவு நேரம் என்று சத்தம் போட்டார்.

"லாலிபாப் க்வெண்டா போறா," என்றான் கெர்வின். "கொஞ்சம் பொறுங்க."

அவள் நடுச்சாலையில் வேண்டுமென்றே மெதுவாக நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாள். கமிட்டிக் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் போனாள், மன்னிப்பும் கேட்கவில்லை.